சூடான சிப் சொன்ன பாடம்

பிளஸ் டூ முடிச்சா சாஃப்ட்வேர்தான்னு கே.கே. நகர்ல எல்லா வீட்லயும் பேச்சு. என் கருத்து வேற.

அறிவியல் கண்காட்சிக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 வோல்ட் எடுக்க 7805 சிப் வெச்சேன். தொட்டா கை சுட்டுச்சு! மிச்ச 7 வோல்ட்டும் சூடாகவே வீணாகுதாம். பாதிக்கு மேல் நஷ்டம்! ஸ்விட்சிங் சிப்போ நொடிக்கு லட்சம் தடவைக்கு மேல் மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கும். அதனால் சுமார் 90 சதவீதம் பயன்படும். செல்போன் பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகாமல் காப்பதும் இப்படி ஒரு சிப்தான்.

இதை வடிவமைக்க அமெரிக்கா போகணுமா? டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-லேயே பெங்களூர் வந்தாச்சு. அதற்கான இ.சி.இ. படிப்பு நம்ம துவாக்குடி என்.ஐ.டி.யிலேயே இருக்கு.

கஷ்டமும் உண்டு. சாஃப்ட்வேர்ல தப்பு வந்தா உடனே திருத்தலாம். சிப்ல தப்பு வந்தா மறுபடி செய்து வர மாதக்கணக்காகும். "அவ்வளவு பொறுமை உனக்கு இருக்கா?"ன்னு அப்பா கேட்டார். வளர்த்துக்கறேன்பா என்றேன்.

மின் நிலையங்களுக்கு பாய்லர் செய்யும் பெல் தொழிற்சாலை உள்ள ஊர் நம்முடையது. அந்த மின்சாரத்தை வீணாக்காமல் காக்கவும் நம்மில் நாலு பேர் வேண்டாமா? சிந்திப்போம்!

– பதினோராம் வகுப்பு மாணவி