பழைய இரும்பா, பொக்கிஷமா? ஷெட்டில் தூங்கும் கார்களின் "ஜாதகம்"!

திருத்தணி:

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்ற காலம் ஒன்று இருந்தது. இப்போது பழைய கார் நிற்கிற வீட்டு வாசலில் ரெண்டு பேர் வந்து நிற்கிறார்கள். ஒருத்தர் காயலான் கடைக்காரர். "கிலோ கணக்குல போட்டுடுங்க சார்" என்கிறார். இன்னொருத்தர் பழைய கார் சேகரிப்பவர். "விலையைச் சொல்லுங்க சார்" என்கிறார். ரெண்டு விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!

இந்த வித்தியாசத்தைத் தீர்மானிப்பது எது? பளபளக்கும் பெயிண்டா? நிக்கல் பூசிய பம்பரா? இல்லவே இல்லை. பீரோவுக்குள் பழுப்பேறிக் கிடக்கிறதே, தாத்தா காலத்து ஆர்.சி. புத்தகம். அதுதான் காரின் ஜாதகம்.

50 வயது ஆனால் போதும்

இங்கிலாந்துக்காரர்கள் கணக்கே தனி. 1919 முதல் 1930 வரை செய்த காரைத்தான் அவர்கள் "வின்டேஜ்" என்பார்கள். நம் நாட்டில் அவ்வளவு கெடுபிடி இல்லை. 2021-ம் ஆண்டு ஜூலை மாதம் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. முதன்முதல் பதிவு செய்து 50 ஆண்டு தாண்டிய கார், மோட்டார் சைக்கிள் எல்லாமே "வின்டேஜ்"தான் என்று சொல்லிவிட்டது.

ஆக, ராஜா வீட்டு ரோல்ஸ் ராய்ஸ்தான் வேண்டும் என்று இல்லை. 1974-ல் வாத்தியார் ஒருவர் கடன் வாங்கி வாங்கிய அம்பாசிடரும் அந்த வரிசைக்கு வந்தாச்சு. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் பூட்டிய ஆஸ்டின் ஏ-40, சென்னை ஸ்டாண்டர்டு கம்பெனி 1961-ல் கொண்டுவந்த ஹெரால்டு, பம்பாய் பியட் எல்லாம் சேர்த்தி.

புதிதாகப் பதிவு செய்ய ரூ.20 ஆயிரம். பிறகு மறுபதிவு செய்ய ரூ.5 ஆயிரம். 10 ஆண்டுக்குச் செல்லும். பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பழைய ஆர்.சி.யைக் காட்ட வேண்டும். சிக்கலே அங்கேதான்!

திருத்தணிக்கு மட்டும் தனிச் சிக்கல்

நம்ம ஊர் கதை தெரிந்ததுதான். 1953-ல் ஆந்திரா பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி.யும், திருத்தணி விநாயகமும் போராடினார்கள். படாஸ்கர் தீர்ப்புப்படி 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி திரும்பி வந்தது.

ஊர் வந்துவிட்டது. காரின் ஜாதகம்?

1950-ல் இந்த ஊர்க்காரர் ஒருவர் கார் வாங்கியிருந்தால் அது சென்னை மாநிலம், சித்தூர் மாவட்டக் கணக்கு. 1956-ல் வாங்கியிருந்தால் ஆந்திரக் கணக்கு. 1961-ல் வாங்கியிருந்தால் செங்கல்பட்டுக் கணக்கு. ஒரே தெரு, ஒரே ஷெட். ஆனால் பழைய பைலைத் தேட மூன்று திசைக்கு அலைய வேண்டும். கையில் ஆர்.சி. இருந்தால் இந்த அலைச்சலே இல்லை.

நம்பர் பேசும்

1989-க்கு முன் நம்பர் பிளேட்டில் மூன்று எழுத்து இருக்கும். எந்த மாநிலம், எந்தக் காலம் என்று அதிலேயே பிடித்துவிடுவார்கள் விவரம் தெரிந்தவர்கள். எம்.ஜி.ஆரின் அம்பாசிடர் எந்த மாடல் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. 4777 என்றால் பச்சைப்பிள்ளையும் சொல்லும்! தி.நகர் நினைவு இல்லத்தில் அந்த நம்பரோடுதான் கார் நிற்கிறது.

ஆனால் பிளேட்டை மட்டும் நம்பினால் ஏமாந்து போவீர்கள். பிளேட்டை அரை மணி நேரத்தில் மாற்றலாம். சேஸிசில் அடித்த நம்பரைப் பாருங்கள். அதன்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நம்பர் அப்படியே எழும்பும். என்ஜின் நம்பரையும் எடுங்கள். ரெண்டையும் புத்தகத்தோடு ஒத்துப்பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

டீசல் போட்டவர் பாடு

இந்தச் சட்டத்தில் ஏழைக்கு ஒரு அடி இருக்கிறது. சேஸிஸ், பாடி, என்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் கூடாது என்கிறார்கள். பெட்ரோல் விலைக்குப் பயந்து எத்தனை பேர் அம்பாசிடரில் டீசல் என்ஜினை இறக்கினார்கள்! அந்தக் காருக்கு 60 வயது ஆனாலும் வின்டேஜ் பட்டம் கஷ்டம்தான். வசதி உள்ளவன் காரை ஓட்டாமல் மூடி வைத்தான். அது அசலாக இருக்கிறது. இல்லாதவன் ஓட்டிப் பிழைத்தான். அது அசல் இல்லையாம்!

இன்னொன்றும் உண்டு. வின்டேஜ் பதிவு வாங்கினால் தினசரி ஓட்டக்கூடாது. ஊர்வலம், கண்காட்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அவ்வளவுதான். மாசாமாசம் கிருத்திகைக்குக் குடும்பத்தோடு மலைப்பாதை ஏறுகிறவர்கள் அவசரப்பட வேண்டாம். சாதாரண ஆர்.சி.யைப் புதுப்பித்து வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

தூக்கிப் போடாதீர்கள்

ரிப்பேர் செய்யப் போகிறீர்களா? பிரிப்பதற்கு முன் போட்டோ எடுங்கள். டிங்கர் வேலை, பெயிண்டு எல்லாம் அப்புறம். ஒடிந்த கைப்பிடியானாலும் அசல் சாமானைத் தூக்கிப் போடாதீர்கள். லேத்தில் அதே மாதிரி கடைந்துகொள்ள மாதிரி வேண்டுமே! கிடைக்காததைச் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம். போன சாமான் அங்கே கிடைக்கும். போன ஆர்.சி. அங்கேயும் கிடைக்காது.

ஆகவே, இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து பாருங்கள். புத்தகம் தாத்தா பெயரிலேயே இருந்தால் வாரிசு சான்றிதழோடு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் முதலில் பெயரை மாற்றுங்கள். காயலான் கடைக்காரர் எங்கும் ஓடிப்போக மாட்டார்!