வர்ணனையாளரின் நாற்காலி

தொலைக்காட்சிக் கிரிக்கெட் வர்ணனை இன்று பெரும்பாலும் முன்னாள் வீரர்களின் கையில் உள்ளது. டெஸ்ட் ஆட்டம் எதிலும் ஆடாத ஹர்ஷா போக்ளே அதில் விதிவிலக்கு. ஹைதராபாத்தில் வேதிப்பொறியியலும் அகமதாபாத்தில் மேலாண்மையும் பயின்றவர். 19 வயதிலேயே அகில இந்திய வானொலியில் வர்ணனை செய்யத் தொடங்கியவர். வானொலியில் பந்து செல்லும் திசையைச் சொல்லியாக வேண்டும்; தொலைக்காட்சியிலோ எப்போது பேசாதிருப்பது என்பதே தொழில். உடனிருக்கும் முன்னாள் வீரரிடம் நாம் கேட்க நினைப்பதை அவர் கேட்டுவிடுவார். அத்தகையவர் 2016 ஐ.பி.எல். தொடருக்குச் சற்று முன்பு விலக்கப்பட்டார். காரணம் அவருக்கே கூறப்படவில்லை. பின்னர் திரும்பி வந்தார் என்பது வேறு.

ஒப்பந்தப் பணிதான், மறுக்கவில்லை. ஆயினும், ஆட்டத்தை நடத்தும் வாரியமே வர்ணனையாளரையும் நியமித்தால், தவறான அணித்தேர்வைத் தவறென்று நேயர்களுக்கு யார் சொல்வார்? நீக்குவதாயின் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். சிறு கடன் விண்ணப்பம் ஒன்றை நிராகரிப்பதற்குக்கூட எங்கள் கிளையில் அதுதான் நடைமுறை.