படி ஏறிப் படிப்போம்

நம் மன்றத்தின் ஆண்டுச் சுற்றுலா எப்படி நடைபெறுகிறது என்பதை உறுப்பினர் அனைவரும் அறிவர். விடியலில் பேருந்து; நண்பகலில் ஏதேனும் ஒரு கோட்டையின் அடிவாரத்தில் புளியோதரை; இரவு பத்து மணிக்குள் விடுதி. இதை மாற்றி, மேற்குத் தொடர்ச்சி மலையில் ரத்தன்கட், அரிச்சந்திரகட் இரண்டையும் நான்கு நாள் நடையாகச் சுற்றி வர வேண்டும் என்பது என் கருத்து.

புனேயில் கற்க வந்த நமக்குத் தக்காணப் பீடபூமி என்பது பள்ளியில் மனப்பாடம் செய்த பெயர். அதன் கதையோ பெரிது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலவெடிப்புகளில் எரிகுழம்பு பொங்கி வழிந்து, அடுக்கின்மேல் அடுக்காக உறைந்தது. இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் அப்பாறையே கிடக்கிறது. அடுக்குகள் மலைச்சரிவில் படிகளாகத் தோன்றுவதால், படிக்கட்டைக் குறிக்கும் சுவீடியச் சொல்லைக் கொண்டு அதை ‘டிராப்’ என்றனர். நம் பல்லாவரத்துக் கருங்கல்லும் இதுவும் நிறத்தில் உறவு, பிறப்பில் அயல். அது பூமியின் ஆழத்தில் உருவாகி, ஏறத்தாழ 250 கோடி ஆண்டு கண்டது.

படிகளைப் பேருந்துச் சாளரத்தின் வழியாகவும் பார்க்கலாம். இரு படிகளுக்கு இடையே சில இடங்களில் ஓடும் செந்நிற மண் படலத்தை நடப்பவனே காண்பான். ஒரு குழம்பு உறைந்து, அடுத்தது வரும்வரை நிலம் ஓய்ந்திருந்த காலத்தின் சுவடு அது. டைனோசர் இனம் அழிந்ததற்கு மெக்சிகோவில் விழுந்த விண்கல் மட்டுமா காரணம், இந்த எரிகுழம்புக்கும் பங்குண்டா என்று அறிஞர்கள் இன்றும் வழக்காடுகின்றனர். அவ்வழக்கின் சாட்சி இவ்வளவு அருகில் நிற்க, நாம் அதை வினாத்தாளுக்காக மட்டும் அறிந்திருப்பது தகுமா?

வேதியியல் மாணவனாகிய நான் சியோலைட்டைப் புட்டிக்குள் வெண்பொடியாகவே கண்டவன். சென்ற டிசம்பரில் இம்மலையில், வாயுக்குமிழி விட்டுச்சென்ற பாறைக்குழிக்குள் அது படிகமாக ஒளிர்வதைக் கண்டேன். எந்தப் பாடநூலும் எனக்கு அந்த வியப்பைத் தந்ததில்லை.

வழியும் கடினமன்று. ரத்தன்வாடியின் அமிர்தேசுவரர் கோயிலில் தொடங்கி ரத்தன்கட், காத்ராபாய் கணவாய் வழியே கும்சேத், பாச்நயியிலிருந்து அரிச்சந்திரகட், பின் ராஜூர் வழியாகத் திரும்பல். கொங்கண் கடா என்னும் செங்குத்துப் பாறையின் விளிம்பில் படுத்து எட்டிப் பார்த்தால், எல்லா அடுக்குகளும் ஒருசேரத் தெரியும். இரவில் சிற்றூர் வீடுகளில் பாக்ரியும் பிட்லாவும் கிடைக்கும். விடுதியும் ஆய்வகமும் இரயில் நிலையமுமே மகாராட்டிரம் என்றிருக்கும் நமக்கு, அவ்வீட்டுத் திண்ணைகளில் மராத்தியும் கைவரும்.

செலவும் ஆபத்தும் என்பர் சிலர். பேருந்து வாடகைப் பணத்தில் ஊரார் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்தலாம். மழைக்காலத்தைத் தவிர்த்துக் குளிர்காலத்தில் செல்லலாம். அது வனவிலங்குச் சரணாலயம். ஆகவே பத்துப் பேருக்கு மேல் ஒரு குழுவில் வேண்டா. கல்லை அங்கேயே விட்டு, குப்பையை நம்மோடு கொண்டுவர வேண்டும்.

செயற்குழு அடுத்த கூட்டத்திலேயே இதை ஆராயட்டும். முதல் குழுவில் உடன் வர நான் அணியமாயிருக்கிறேன்.