கடிகாரம் யாருக்கு?

காலந் தவறாமை ஒரு சிறந்த குணம் என்பதில் நமக்கு யாதோர் ஆட்சேபணையும் கிடையாது. ஆறு மணிக்கு வருவதாக ஒப்புக்கொண்டவன் ஆறு மணிக்கு வரவேண்டியதுதான். கூலி பேசி விற்ற நேரத்தில் கைப்பேசியை நோண்டிக்கொண்டு நிற்பது நாணயமாகாது என்பதையும் ஒப்புகிறோம். ஆனால், உபதேசிக்கப்படும் ஒரு குணம் மெய்யாகவே நற்குணமா, அன்றி ஏழையின் காலில் மாட்டிய விலங்கா என்று அறிவதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. அதைப் போதிக்கிறவன் தானும் அநுஷ்டிக்கிறானா என்று பார்ப்பதே அச்சோதனை. நமது தோட்டங்களில் நடக்கும் காலக் கட்டுப்பாடு இச்சோதனையில் தேறுகிறதா என்பதே நாம் இங்கே எழுப்பும் கேள்வி.

கலும்பாங் வட்டாரத்தில் நமக்கு நேரில் தெரிந்த ஒரு தோட்டம் உண்டு, பெயர் வேண்டாம். அதன் ஆபீசுச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கிறது. பெரட்டுக்குப் பத்து நிமிடம் தாமதித்து வருவோருக்கு அன்று வேலை கிடையாது. வேலை நேரத்தில் கைப்பேசிகள் ஆபீசுப் பெட்டியில் இருத்தல் வேண்டும். மீறினால் சம்பளத்தில் பிடித்தம். இதில் கையொப்பமிட்ட பெரியவர் ஆபீசுக்கு வருவது எட்டரை மணிக்கோ ஒன்பது மணிக்கோ, அது அவருடைய சித்தம். அதே ஆபீசு, இரவு பத்து மணிக்கு, அதே தொழிலாளியின் கைப்பேசிக்கு, வாட்ஸ்அப் என்னும் புலனத்தின் வழியாக, நாளைக்கு இன்னாருக்கு இன்ன காடு என்று உத்தரவு அனுப்புகிறது. நீலக் குறி விழுந்தும் பதில் வராவிட்டால் மறுநாட் காலையில் விசாரணை!

இதன் தாத்பரியம் என்ன? பகலில் அந்தக் கைப்பேசி தொழிலாளியின் சொந்தப் பொருள். ஆகவே அதைத் தொடுவது குற்றம். இரவில் அது தோட்டத்துச் சாமான். ஆகவே அதைத் தொடாதிருப்பது குற்றம். வாங்கிய காசும் மாதாமாதம் கட்டும் காசும் மாத்திரம் இரு வேளையிலும் தொழிலாளியுடையவை. இப்படிப்பட்ட விதிக்கு ஒழுங்கு என்று பெயர் வைத்தவரின் துணிச்சலை நாம் மெச்சத்தான் வேண்டும்.

நேரத்துக்கு மெய்யான அவசியம் இல்லையென்று நாம் சொல்லவில்லை. ரப்பர் மரத்தை விடியற்காலையில் சீவவேண்டியதற்குக் காரணம் துரையின் உத்தரவன்று. அவ்வேளையில் மரத்துக்குள் நீரின் அழுத்தம் மிகுந்திருக்கிறது, வெய்யில் ஏற ஏற அது தணிந்து பாலோட்டமும் குறைகிறது. செம்பனைக்கும் அவ்வாறே. அறுத்த குலையில் அடிபட்ட பழங்களில் கொழுப்பமிலம் ஏறி எண்ணெயின் தரம் கெடுவதால், 24 மணி நேரத்துக்குள் அது ஆலைக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது தொழில் நியதி. இக்காரணங்களைத் தொழிலாளி நன்கறிவான். எடுத்துச் சொன்னால் அவன் மறுப்பதுமில்லை. ஆனால் லாரி வராமல் குலைகள் மேடையில் ஒரு முழு நாள் கிடந்து வாடும்போது, அந்தத் தாமதத்துக்கு யாருடைய கூலியில் பிடித்தம் செய்தார்கள் என்று கேட்கிறோம். லாரிக் குத்தகைக்காரருக்குப் பெரட்டு உண்டா? உதிரிப் பாகத்துக்கு உத்தரவு எழுத மறந்த மானேஜருக்குப் பெரட்டு உண்டா? பழத்தைக் காக்கவே இவ்விதி என்றால், பழத்தைக் கெடுக்கும் எல்லாரையும் அல்லவோ அது பிடிக்கவேண்டும்?

கடிகாரம் ஏதோ தெய்வ சாசனம் என்பதுபோலப் பேசுகிறார்கள். 1942இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் இந்நாட்டுக் கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்கு ஒத்துவர ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். பிற்பாடு, 1982 ஜனவரி 1ந் தேதி, தீபகற்ப மலேசியாவின் நேரம் சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றுபடுமாறு அரைமணி முன்னே நகர்த்தப்பட்டது. சூரியன் நகரவில்லை, மரமும் அறியவில்லை. கடிகாரம் மனிதன் செய்த ஏற்பாடு. ஏற்பாடு என்றால், அதில் சம்பந்தப்பட்ட இரு தரத்தாரையும் அது கட்டவேண்டும்.

ஒரு தரத்தாரை மாத்திரம் கட்டிய கடிகாரம் என்ன செய்யும் என்பதற்குச் சரித்திரத்தில் சாட்சி உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் டன்டீ நகரத்து ஆலையொன்றில் சிறுவனாய் வேலை செய்தவர் எழுதிவைத்த நினைவுக் குறிப்பின்படி, முதலாளிமார் காலையில் ஆலைக் கடிகாரத்தை முன்னே தள்ளியும் மாலையில் பின்னே இழுத்தும் வேலை நேரத்தை நீட்டினர். தொழிலாளர் தம்மிடம் ஒரு கடிகாரம் வைத்திருக்கவே அஞ்சினர். மணி அறிந்த தொழிலாளி அன்று ஆபத்தானவன். இன்று தொழிலாளியின் சட்டைப்பையிலுள்ள கைப்பேசி அவனுடைய கடிகாரம்; அவனுடைய கணக்குப் புத்தகம்; அநியாயம் நடந்தால் படம்பிடிக்கும் சாட்சியும் அதுவே. அதைப் பெட்டியில் போடு என்கிறபோது, வேலை கெடும் என்ற கவலை ஒன்றுதான் காரணம் என்று நம்மை நம்பச் சொல்கிறார்கள்!

நிற்க. இவ்வூரின் சரித்திரத்தையே பார்ப்போம். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, அது சிலாங்கூர் எங்கும் பரவியபோது, அவர்கள் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிதல், கள்ளுக்கடை மூடல் என்பவற்றோடு வேறிரண்டு கோரிக்கைகளும் இருந்தன. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோகவேண்டும் என்பது ஒன்று. துரைமார் முன்னும் சிப்பந்திகள் முன்னும் சைக்கிளை விட்டிறங்காமல் ஓட்டிப்போகும் உரிமை வேண்டும் என்பது மற்றொன்று. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அவ்வாண்டு மே மாதத்தில் கைதாகி நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் இறங்கியது, தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர்.

சைக்கிள் விட்டிறங்குவது அற்ப விஷயம் என்று அன்று எத்தனை கனவான்கள் சொல்லியிருப்பார்கள்! ஏழை தன் காசில் வாங்கிய ஒரு புதிய யந்திரத்தின்மேல் தோட்டம் அதிகாரம் செலுத்தலாமா என்பதே அன்றைய கேள்வி. உற்றார் உறவினரின் முகத்தையும் குரலையும் தோட்டத்து வேலி தடுக்கலாமா என்பது அதனோடொட்டிய கேள்வி. இரண்டும் சேர்ந்து இன்று கைப்பேசி என்னும் ஒரே வடிவில் நம் முன் நிற்கின்றன.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து தாய்க்கு அழைப்பு வருகிறது. பெட்டிக்குள் மணியடித்து ஓய்கிறது. இன்று நம் தோட்டங்களில் உழைக்கும் வங்காள தேசத்தவர், நேப்பாளத்தவர், இந்தோனேசியரின் நிலைமை இதனினும் பரிதாபம். அவர்களுக்குத் தாயும் தாரமும் அந்தச் சிறு கண்ணாடிக்குள்தான் இருக்கிறார்கள். கட்டாய வேலையைக் கண்டறிவதற்குச் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் வகுத்துள்ள 11 அடையாளங்களில், தொழிலாளியை வெளியுலகத் தொடர்பிலிருந்து பிரித்து வைப்பதும் ஒன்று என்பதைப் பெட்டி வைத்திருப்போர் அறிந்துகொள்வது நலம்.

“செம்பனைக் குலை தலைக்குமேல் தொங்கும்போது கைப்பேசி பார்த்தால் உயிர் போகுமே” என்பார்கள். மெய்தான். டிராக்டர் ஓட்டும்போதும், நீண்ட அலக்கரிவாள் பிடித்து அறுக்கும்போதும், மருந்து கலக்கும்போதும் கைப்பேசி கூடாது என்பதை நாமே முதலில் வற்புறுத்துவோம். ஆனால் அபாயத்துக்கு வைத்த விதி அபாயமுள்ள இடத்தில் நிற்கட்டும். ஓய்வு வேளையிலும், ஆபீசு மேசையிலும், ஆயாக் கொட்டகையிலும் அதே விதியை நீட்டுவானேன்? “கண்டிப்பு இல்லாவிட்டால் நம்மவர் சோம்பேறிகளாவர்” என்பது அடுத்த வாதம். இது வெள்ளைக்காரத் தோட்ட முதலாளியின் பழம் பாட்டு. இந்நாட்டு மக்களைச் சோம்பேறிகள் என்ற கதை எப்படி, யாருடைய லாபத்துக்காகக் கட்டப்பட்டது என்பதைச் சையது உசேன் அலாட்டாஸ் 1977இல் ஒரு நூல் முழுவதும் அலசிக் காட்டிவிட்டார். துரையின் நிறம் மாறியும் பாட்டு மாறவில்லை.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் வாரத்துக்கு 48 மணி நேரம் என்றிருந்த வரம்பு, 2023 ஜனவரி 1 முதல் 45 ஆகக் குறைந்தது. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத சம்பளக்காரர் கூடுதல் நேரம் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கூலி உண்டு. சம்பளக் காலம் முடிந்து ஏழு நாட்களுக்குள் சம்பளம் கைக்கு வந்துவிடவேண்டும். எவ்வெவற்றுக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்யலாம் என்று அச்சட்டம் பட்டியலிட்டிருக்கிறது. தாமதத்துக்கு அபராதம், கைப்பேசிக்கு அபராதம் என்று அதில் ஒன்றும் இல்லை. செய்யாத வேலைக்குக் கூலி இல்லை என்பது வேறு. செய்த வேலையின் கூலியை வெட்டுவது வேறு. இரவு பத்து மணி உத்தரவைப் படித்து, ஆட்களைக் கூப்பிட்டு, கணக்குத் திருத்தி அனுப்பும் கிராணியின் நேரம் எந்தச் செக்ரோலில் ஏறுகிறது? வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைப் பிரான்சு 2017 முதலும், ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்டு முதலும் சட்டமாக்கியுள்ளன. அங்கே தொழில்கள் மூழ்கிப்போய்விடவில்லை.

நம்மவர்க்கும் ஒரு வார்த்தை. மாலை ஏழு மணிக் கூட்டத்தை எட்டரைக்குத் தொடங்கி, அதையும் தலைவர் வரவுக்காக நிறுத்திவைக்கும் சங்கத்தார், முதலாளியிடம் நேரக் கணக்குக் கேட்கும் யோக்கியதையைத் தாமே இழக்கிறார்கள். வேலை நேரத்தில் கைப்பேசியில் படம் பார்த்துவிட்டு, அதுவும் உரிமை என்போரை நாம் ஆதரிக்க முடியாது. நம் கிராணி வகுப்பிலும், நாலு வார்த்தை ஆங்கிலம் படித்ததைக்கொண்டு பிறர் பெயரை வெட்டுவதில் சூரராயிருந்து, தாம் மாத்திரம் நினைத்தபோது வருவோர் உளர். சைக்கிளை விட்டு இறங்கச் சொன்ன பழைய சிப்பந்திகளின் வாரிசுகள் அவர்கள்.

ஆகவே நாம் கேட்பவை இவை. பெரட்டுக் களத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒரு கடிகாரம் வேண்டும். மானேஜர் முதல் புல்வெட்டும் பெண் வரை எல்லாரும் வந்த நேரத்தை ஒரே ஏட்டில் பதியவேண்டும். அபாய வேலையில் கைப்பேசி கூடாது. மற்ற வேளையில் அது சத்தமின்றி அவரவர் பையில் இருக்கலாம். வீட்டாரின் அவசரச் செய்தி ஆபீசுக்கு வந்தால், அக்கணமே ஆளிடம் சேர்ப்பிக்கவேண்டும். வேலை நேரத்துக்குப் பின் வரும் உத்தரவு வேலையே. அதற்குக் கூலி உண்டு. சம்பளம் குறித்த நாளில் வரவேண்டும்.

இவற்றில் சலுகை என்று ஒன்றும் இல்லை. விற்பவனும் வாங்குபவனும் ஒரே தராசில் நிறுக்கவேண்டும் என்கிறோம், அவ்வளவே. இதற்கு இசையாதவர் நாளைப் பெரட்டில் காலந் தவறாமையைப் பற்றிப் பிரசங்கம் செய்யவந்தால், தொழிலாளத் தோழர்கள் அவரை மரியாதையாக ஒன்று கேட்கட்டும்: “ஐயா, தாங்கள் எத்தனை மணிக்கு வந்தீர்கள்?”