கோதுமை மாவை நிறுத்திப் பார்த்தோம்: சுகம் எதனால் வந்தது?

அண்மைக் காலமாக எம்மவர் மத்தியில் ஒரு புதிய சொல் அடிபடுகின்றது. “குளூட்டன் இல்லாத சாப்பாடு” என்பதே அது. கனடாவிலும் லண்டனிலும் வாழும் உறவினர்கள் தொலைபேசியில், “பாணை விட்டேன், வயிற்றுப் பொருமல் போய்விட்டது” என்கிறார்கள். “மாச்சாப்பாட்டை நிறுத்தினேன், உடம்பு இலேசாகிவிட்டது” என்கிறார்கள். இதைக் கேட்டு இங்கும் சிலர் கோதுமை மாவைக் கைவிடத் தொடங்கியுள்ளனர். நகரத்துப் பெரிய கடைகளில் ‘குளூட்டன் அற்றது’ என்று அச்சிட்ட பைக்கற்றுகள் கூடிய விலைக்கு விற்பனையாகின்றன. இது வசதி படைத்தோரின் நாகரிகமா, அல்லது எமக்கும் இதில் பயன் உண்டா? இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களாகிய நாம் இதனைச் சற்று ஆறுதலாகச் சிந்திப்பது நல்லது. ஏனெனில் கோதுமை மாவோடு எமக்குள்ள உறவு மற்றவர்களுடையதைப் போன்றதல்ல.

மா எமது அடுப்புக்கு வந்த வழி

எமது நாட்டு வயல்களில் கோதுமை விளைவதில்லை. நாம் உண்ணும் கோதுமை கப்பலில் வருவது. அமெரிக்கா 1954 இல் இயற்றிய ‘பொதுச் சட்டம் 480’ என்னும் உணவு உதவித் திட்டத்தின் கீழ் இந்நாட்டுக்கு மா வந்தது. எமது பெரியவர்கள் அதனை ‘அமெரிக்கன் மா’ என்றே அழைத்தனர். 1980 இல் திருகோணமலையில் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கியது. பாணும் றொட்டியும் மூலைமுடுக்கெல்லாம் பரவின.

எமக்கோ அது வேறொரு வழியாகவும் வந்தது. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களும், 1995 ஒக்ரோபரில் வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் நடந்தவர்களும், 2009 இல் மெனிக் பாம் முகாமில் அடைபட்டவர்களும் நிவாரண அட்டையோடு வரிசையில் நின்றனர். அரிசி, பருப்பு, சீனியோடு கோதுமை மாவும் கிடைத்தது. அந்த மா எமது பிள்ளைகளின் பசியைத் தீர்த்தது. அதனை இன்று இழிவாகப் பேசுவது நன்றி மறந்த செயலாகும். ஆனால், எதைத் தின்பது என்று தீர்மானிக்கும் உரிமை அந்த வரிசையிலேயே எமது கையை விட்டுப் போயிற்று. குரக்கன் இடிக்கவும் ஒடியல் மா கரைக்கவும் தெரியாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. காணி திரும்பக் கிடைத்த வீடுகளில்கூட இன்று காலையில் பாண், இரவில் கோதுமை மாப் புட்டு என்பதே வழக்கமாயிருக்கிறது.

நாங்கள் செய்து பார்த்தது

எங்கள் அயலில் சில வீட்டார் சேர்ந்து ஆறு கிழமைக்குக் கோதுமை மாவை அறவே நிறுத்திப் பார்த்தோம். காலையில் பாணுக்குப் பதிலாகக் குரக்கன் புட்டு, அவித்த பயறு அல்லது பழங்கஞ்சி. இரவில் சிவப்பரிசி மா இடியப்பம். கிழமையில் ஒரு நாள் ஒடியற் கூழ். தோசைக்கு உளுந்தோடு கூட்டும் ஒரு சுண்டு மாவையும் விட்டோம். ரவை, நூடில்ஸ், பணிஸ், விசுக்கோத்து யாவும் நின்றன.

முதற் கிழமை சிரமமாகவே இருந்தது. பிள்ளைகள் பாண் கேட்டு அடம்பிடித்தனர். குரக்கன் புட்டு தொண்டையில் அடைக்கிறது என்றனர். மூன்றாம் கிழமையளவில் மாற்றம் தெரிந்தது. வயிற்றுப் பொருமலும் நெஞ்செரிவும் சிலருக்குக் குறைந்தன. நெடுநாள் மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு அது இலகுவாயிற்று. காலையில் உண்டது மத்தியானம்வரை தாங்கியது. சலரோகம் உள்ள ஒருவருக்குக் கிளினிக்கில் பார்த்தபோது சீனியின் அளவு முன்னையதிலும் குறைந்திருந்தது. அவர் மருந்தை ஒரு நாளும் நிறுத்தவில்லை. மூட்டுநோவு உள்ளவர்களுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. இன்னொருவருக்கு வயிற்றுக் கோளாறு அப்படியே இருந்தது. இது ஆய்வு அல்ல. அயலவர் அனுபவம் மாத்திரமே. ஆயினும் இந்தச் சுகம் எதனால் வந்தது என்று கேட்பது எமது கடமை.

குளூட்டன்தானா காரணம்?

கோதுமை மாவைக் குழைத்து, அந்த உருண்டையைத் தண்ணீரில் பிசைந்து கழுவினால் மாப்பொருள் கரைந்து போகும். கையில் றப்பர்போல இழுபடும் பசை மிஞ்சும். இந்தப் பசைப்புரதமே குளூட்டன். பாண் பொங்குவதும் றொட்டி விரிவதும் இதனால்தான். கோதுமையிலும் பார்லியிலும் றை என்னும் தானியத்திலும் இது உண்டு. அரிசி, குரக்கன், சாமை, தினை, வரகு, சோளம், உளுந்து, பயறு, ஒடியல், மரவள்ளி ஆகியவற்றில் இது இல்லை. அப்படியானால் எமது பாட்டிமார் சமைத்த சாப்பாட்டிற் பெரும்பகுதி குளூட்டன் இல்லாத சாப்பாடே. அதற்கு விலையுயர்ந்த பைக்கற்று எதற்கு?

ஆனால் எங்களுக்குக் கிடைத்த சுகத்துக்கு இந்தப் பசைதான் காரணம் என்று சொல்ல நாங்கள் தயாரில்லை. பாணை நிறுத்தியபோது பாணோடு போன மாஜரினும் சீனித் தேநீரும் பொரித்த றோல்சும் சேர்ந்தே குறைந்தன. தவிடு நீக்கிய வெள்ளை மா போய், நார்ச்சத்துள்ள குரக்கனும் பயறும் சிவப்பரிசியும் வந்தன. இத்தனையும் ஒரே நேரத்தில் மாறும்போது எதனால் சுகம் வந்தது என்று எப்படிப் பிரித்தறிவது?

அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனைப் பிரித்தறிய முயன்றனர். கோதுமை தமக்கு ஒவ்வாது என்று நம்பிய 37 பேருக்கு, முதலில் வயிற்றில் எளிதாகப் புளித்து வாயு உண்டாக்கும் மாச்சத்துகளை உணவில் குறைத்தனர். எல்லோருக்கும் சுகம் தெரிந்தது. பின்னர் அவர்கள் அறியாதபடி குளூட்டனைச் சேர்த்தும் சேர்க்காமலும் உணவு கொடுத்தபோது, குளூட்டனுக்கென்று தனியான பாதிப்பு எதுவும் தெரியவில்லை. 2013 இல் இந்த முடிவு வெளியாயிற்று. கோதுமையில் உள்ள ‘பிரக்ரன்’ என்னும் மாச்சத்தே சிலருக்கு வயிறு ஊதக் காரணம் என்று இப்போது கருதப்படுகிறது. இதே மாச்சத்து நாம் பயிரிடும் வெங்காயத்திலும் உள்ளியிலும் நிறைய உண்டு. மாவை விட்டும் சுகம் காணாதவர்கள் சம்பலில் போடும் வெங்காயத்தையும் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம்.

சிலருக்கு அது உண்மையான நோய்

இப்படிச் சொல்வதால் குளூட்டன் எவருக்கும் தீங்கு செய்யாது என்று எண்ணக்கூடாது. ‘சீலியாக்’ என்றொரு நோய் உண்டு. இந்நோய் உள்ளவர் குளூட்டனை உண்டால், உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கி அழிக்கும். உண்ட சத்து உடம்பில் சேராது. உலகில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. கோதுமையைப் பிரதான உணவாகக் கொண்ட வட இந்தியாவில் இது கூடுதலாகவும் தென்னிந்தியாவில் மிகக் குறைவாகவும் காணப்படுகிறது. குடும்ப வழியாகத் தொடர்வதும் உண்டு.

கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்ட வரலாறு எமக்கு அந்நியமானதல்ல. அதுவும் யுத்தத்தோடும் முற்றுகையோடும் சம்பந்தப்பட்டது. நெதர்லாந்தில் வில்லெம் டிக்க என்ற குழந்தை வைத்தியருக்கு, தமது நோயாளிப் பிள்ளைகளின் வருத்தத்துக்குக் கோதுமையே காரணமோ என்ற ஐயம் 1930களிலேயே இருந்தது. 1944–45 குளிர்காலத்தில் ஜேர்மன் படைகளின் பிடியிலிருந்த மேற்கு நெதர்லாந்தில் உணவு வரத்துத் தடைப்பட்டது. ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். மக்கள் ரியூலிப் பூச்செடியின் கிழங்கை அவித்துத் தின்றனர். பாண் அரிதாகிப்போன அந்தப் பஞ்ச காலம் டிக்கவின் ஐயத்தை வலுப்படுத்தியது. 1950 இல் அவர் தமது ஆய்வேட்டில், கோதுமையை நீக்கினால் இப்பிள்ளைகள் தேறுகின்றனர் என்பதை நிறுவினார். தடைக்காலத்தில் ஒடியலோடும் குரக்கனோடும் நாட்களைக் கழித்த எமக்கு அந்த மக்களின் நிலை விளங்காமற் போகாது.

ஆகவே நெடுநாள் வயிற்றோட்டம், காரணமில்லாமல் மெலிதல், இரும்புச்சத்துக் குளிசை எடுத்தும் மாறாத குருதிச்சோகை, பிள்ளைகளின் வளர்ச்சி குன்றுதல் ஆகியவை இருந்தால் வைத்தியரிடம் போக வேண்டும். இவற்றுக்குக் கொழுக்கிப் புழு, போசாக்கின்மை போன்ற வேறு காரணங்களே எம்மிடையே அதிகம். எனினும் சீலியாக்கையும் பார்க்கும்படி வைத்தியரிடம் கேட்கலாம். குருதிப் பரிசோதனையிலும், தேவையானால் சிறுகுடலிலிருந்து எடுக்கும் சிறு துண்டைச் சோதிப்பதிலும் இது தெரியவரும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தக்கூடாது. நிறுத்திவிட்டுப் போனால் குடல் ஆறத் தொடங்கிவிடும்; நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரலாம். நோய் உறுதியானால் வாழ்நாள் முழுவதும் ஒரு துளி மாவும் கூடாது. கோதுமை அரைத்த மில்லில் அரைத்த குரக்கனிலும், மா கலந்த கட்டிப் பெருங்காயத்திலும், சோயா சோஸிலும், மோல்ட் பானங்களிலும்கூடக் கவனம் வேண்டும். மற்றவர்களுக்கு இந்தக் கடும் விரதம் தேவையில்லை.

செய்யக்கூடாதவை

நிவாரணத்தில் மா மாத்திரம் கிடைக்கும் வீட்டில், அதை நிறுத்திப் பிள்ளையைப் பட்டினி போடக்கூடாது. பசி எல்லா நோயிலும் பெரிய நோய். கோதுமை மாவில் 100 கிராமுக்குச் சுமார் 10 கிராம் புரதம் உண்டு. அரிசியில் சுமார் 7 கிராமே உண்டு. எனவே மாவைக் குறைப்பவர்கள் பயறு, கடலை, உளுந்து, மீன், முட்டை என்று ஏதாவதொன்றைக் கூட்ட வேண்டும். பாணை விட்டு வெள்ளைச் சோற்றை மலையாகக் குவித்தால் சலரோகக்காரருக்கு ஒரு நன்மையும் இல்லை. குரக்கனும் அளவோடுதான். சலரோகத்துக்கு மருந்து எடுப்பவர்கள் உணவை மாற்றுமுன் கிளினிக்கில் சொல்ல வேண்டும். ஒடியல் மாவை ஊறவைத்துக் கசப்பு நீரை வடித்தே பாவிக்க வேண்டும். மரவள்ளியைப் புதிதாகக் கிண்டி, மூடாமல் நன்றாக அவிக்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

“காணியே இல்லாதவன் எங்கே குரக்கன் விதைப்பது?” என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. குரக்கன் மா கோதுமை மாவிலும் விலை கூட என்பதும் உண்மை. எனவே இதனைத் தனிமனிதரின் நாவடக்கமாக மாத்திரம் பார்ப்பது தவறு.

முதலாவதாக, நிவாரணமோ மானியமோ வழங்குவோரிடம், மாவுக்குப் பதிலாகச் சிவப்பரிசியையோ பயறையோ தெரிவுசெய்ய இடம் தாருங்கள் என்று சங்கங்கள் மூலம் கேட்போம். இரண்டாவதாக, கோயில்களும் சங்கங்களும் தரிசாகப் போட்டிருக்கும் நிலங்களில் குடும்பத்துக்கு இரண்டு பரப்பாவது ஒரு போகத்துக்குத் தரும்படி கேட்போம். குரக்கன் மழையை நம்பி, அதிக உரமின்றி, மூன்று நான்கு மாதத்தில் விளையும். அதில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. பால் வாங்க முடியாத வீட்டுக்கு இது சிறிய விடயமல்ல. மூன்றாவதாக, மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற நெல்லினங்களையும் சாமை, தினை விதைகளையும் வைத்திருப்போர் ஒரு சுண்டாவது மற்றவர்க்குக் கொடுத்துப் பரப்ப வேண்டும். நான்காவதாக, இடிக்கவும் கொழிக்கவும் கூழ் காய்ச்சவும் தெரிந்த முதியவர்களிடம் எமது பிள்ளைகள் அதைப் பழக வேண்டும்.

2022 இல் டொலர் இல்லாமற் போய், உக்ரேன் யுத்தமும் சேர்ந்துகொண்டபோது பாணின் விலை இரண்டு மடங்குக்கும் மேலாக ஏறியதை மறந்திருக்கமாட்டோம். எங்கோ நடக்கும் சண்டை எமது பிள்ளையின் காலைச் சாப்பாட்டைத் தீர்மானித்தது. அதற்கு அடுத்த ஆண்டைத்தான் ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகப் பிரகடனம் செய்தது. உலகம் மெச்சும் அந்தத் தானியங்களின் சுவையை எமது பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே கோதுமை மாவை நாம் பகைக்க வேண்டியதில்லை. கிழமையில் மூன்று நாள் பாணுக்குப் பதிலாக எமது மண்ணில் விளைந்ததை உண்டு பார்ப்போம். உடம்பில் என்ன மாறுகிறது என்று ஒரு கொப்பியில் குறித்து வைப்போம். நோய்க்குறி இருந்தால் முதலில் வைத்தியரிடம் போவோம். பாணைத் தின்பதா, குரக்கனைத் தின்பதா என்பதை இனிமேலாவது கப்பலும் நிவாரண அட்டையும் அல்ல, நாமே தீர்மானிப்போம்.