பின்லாந்தைப் பேசுவோரும் தாராவியின் எட்டாம் வகுப்பும்

பொதுக்கல்வி குறித்த கருத்தரங்குகளில் பின்லாந்து பேசப்படாத நாள் அரிது. ஆசிரியர் பயிற்சியின் தரம், தேர்வுச் சுமையின்மை, வீட்டுப்பாடக் குறைவு என்று பட்டியல் நீளும். அடுத்து பிசா தரவரிசை வரும். 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றுப் பட்டியலின் அடியில் நின்றதும், அதன்பின் இந்தியா அம்மதிப்பீட்டிலிருந்து விலகிக்கொண்டதும் நினைவூட்டப்படும். "நம் அமைப்பு தோற்றுவிட்டது" என்ற பெருமூச்சோடு அமர்வு முடியும்.

இவ்வகை ஒப்பீடு அடிப்படையிலேயே பிழையானது. தரவரிசை ஒரு நாட்டின் சராசரியைச் சொல்கிறது. சராசரி என்று எந்தக் குழந்தையும் பள்ளிக்கு வருவதில்லை. ஒவ்வொரு நாட்டின் பொதுப்பள்ளி அமைப்பும் தனக்கென்று ஓர் இடத்தில் தோற்கிறது. அந்த இடத்தில் விழுபவர் யார், விழும்போது பொறுப்பேற்க யார் இருக்கிறார் என்னும் இரண்டு கேள்விகளே ஒப்பீட்டுக்கு உரியவை. அவற்றுக்கு விடை காண ஹெல்சிங்கி வரை போக வேண்டியதில்லை. மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தாலே போதும்.

"மும்பைத் தமிழர்" என்ற ஒரே பெயருக்குள் இரு வேறு கல்வி வரலாறுகள் உள்ளன. ரயில்வேயிலும் வணிக நிறுவனங்களிலும் எழுத்தர் வேலைக்கு வந்து மாட்டுங்காவில் குடியேறிய தென்னிந்தியர், 1932இலேயே தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவிக்கொண்டனர். அது இன்று பள்ளிகளும் கல்லூரிகளுமாக விரிந்து நிற்கிறது. அடுத்த தலைமுறை செம்பூருக்குப் பரவியபோது ஆங்கிலக் கல்வியும் உடன் சென்றது. தமிழ் வீட்டிலும் கோயிலிலும் சண்முகானந்தா அரங்கிலும் பேணப்பட்டது. பள்ளியில் அதைத் தேட வேண்டிய தேவை அவர்களுக்கு எழவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கும் கூலி வேலைக்கும் தாராவிக்கு வந்தவர்களின் கதை வேறு. அவர்களின் குழந்தைகளுக்குக் கிடைத்த பள்ளி மாநகராட்சியின் பள்ளி. அதில் கிடைத்த மொழி தமிழ்.

மாநகராட்சிக்கு உரிய பெருமையை மறுக்க வேண்டியதில்லை. மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என எட்டு மொழிகளில் பள்ளி நடத்தும் நகராட்சிகள் உலகில் மிகச் சில. பணமும் குறைவில்லை, நாட்டின் மிகப் பணக்கார மாநகராட்சி கல்விக்கென ஆண்டுக்கு 3,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்குகிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகள் பெரும்பாலும் தொடக்க, நடுநிலை வகுப்புகளோடு நின்றுவிடுபவை. உயர்நிலை வகுப்புகளையும் தமிழில் தொடங்கக் கேட்டுப் பெற்றோரும் இயக்கத்தாரும் ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்து அலைந்தனர்.

ஏன் அங்கே நிற்கிறது என்பதைச் சட்டங்களே சொல்கின்றன. 1888ஆம் ஆண்டின் மும்பை மாநகராட்சிச் சட்டத்தின்படி தொடக்கக் கல்வி மாநகராட்சியின் கட்டாயக் கடமை. அதற்கு மேல் செய்வது அதன் விருப்பம். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வசதி அளிக்கச் சொல்லும் அரசமைப்பின் 350அ பிரிவு தொடக்க நிலையை மட்டுமே பேசுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு முடிகிறது. தாய்மொழிவழிக் கல்வியையும் "இயன்ற வரை" என்ற சொல்லுக்குள் அடைத்துவிடுகிறது. மூன்று வேலிகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் முடிகின்றன. அந்த இடத்தில்தான் தாராவியின் எட்டாம் வகுப்பு மாணவி நிற்கிறாள்.

அவளுக்கு முன் இருக்கும் வழிகள் சில. ஆங்கிலவழியிலோ இந்தி, மராத்திவழியிலோ இடம் தேடி, இயற்கணிதத்தையும் அறிவியலையும் புதிய மொழியில் தொடக்கத்திலிருந்து எதிர்கொள்ளலாம். பொதுத்தேர்வுக்கு இரண்டே ஆண்டுகள் இருக்கும். ஊருக்கு அனுப்பப்பட்டுப் பாட்டி வீட்டிலிருந்து தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் சேரலாம். அல்லது தையல் கூடத்துக்கோ வீட்டு வேலைக்கோ போகலாம். மூன்றாவது வழியில் அவள் போனால் பதிவேட்டில் "இடைநிற்றல்" என்று எழுதப்படும். நின்றது அவள் என்பது போல இருக்கிறது அச்சொல். உண்மையில் நின்றுபோனது பள்ளி. தன்வினையில் எழுதப்படும் இந்தக் குறிப்பு, ஒரு நிர்வாகத்தின் செயலைக் குழந்தையின் செயலாக மாற்றிவிடுகிறது.

இந்த நகரம் இதை அறியாததன்று. 1882இல் ஹண்டர் குழுவின் முன் ஜோதிராவ் புலே, உழவரிடம் திரட்டிய வரியை மேல்தட்டினரின் உயர்கல்விக்குச் செலவிடுவதைச் சாடினார். மேலே ஊற்றினால் கீழே தானாக வடியும் என்ற கொள்கையை ஏற்க மறுத்தார். 1927இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கல்வி மானியத்தின் மீது பேசிய அம்பேத்கர், பள்ளியில் சேரும் 100 குழந்தைகளில் 18 பேரே நான்காம் வகுப்பை எட்டுகின்றனர் என்று கணக்குக் காட்டினார். சேர்க்கை எண்ணிக்கையை அவர் பேசவில்லை. எத்தனை பேர் எங்கே கைவிடப்படுகின்றனர் என்று எண்ணினார். கல்வி ஒப்பீட்டுக்கு அதைவிடச் சரியான அளவுகோல் இன்றளவும் இல்லை. ஒரு நூற்றாண்டில் அந்தப் படி நான்காம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்கு உயர்ந்திருக்கிறது. முறிக்கும் வழக்கம் போகவில்லை.

இந்த அளவுகோலோடு பிற நாடுகளைப் பார்த்தால் பட்டியலின் வரிசையே மாறும். மலேசியாவில் அரசு அங்கீகாரம் பெற்ற தமிழ்ப் பள்ளிகள் ஆறாம் வகுப்போடு முடிகின்றன. இடைநிலைப் பள்ளியின் மொழி மலாய். அதாவது அங்கே படி இன்னும் கீழேயே முறிகிறது. ஆனால் முறிவை அந்த அரசு ஒப்புக்கொண்டது. மொழி மாறும் குழந்தைக்காகப் புகுமுக வகுப்பு என்ற ஓராண்டுப் பாலத்தை அமைத்தது. அந்தப் பாலத்திலும் ஓராண்டு இழந்து சோர்ந்தவர் உண்டு. எனினும் பாலம் ஒன்று தேவை என்பதாவது எழுத்தில் இருந்தது. மும்பையில் அதுவும் இல்லை. மலேசியாவின் தோல்வி மற்றொன்று: தோட்ட நிலத்தில் நின்ற பள்ளிகள் பகுதி உதவியே பெற்றன, தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் சிதறியபோது பிள்ளைகளின்றி மூடின. 1957இல் 800க்கு மேல் இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று 530க்கும் குறைவு.

இலங்கையில் 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் மழலையர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தமிழிலும் ஏணி முழுமையாக இருந்தது. ஆனால் மலையகத் தோட்டங்களின் லயன்களுக்கு அந்த ஏணி வரவில்லை. தோட்டப் பள்ளிகள் துரைமாரின் தயவில் ஒற்றை ஆசிரியரோடு நடந்தன. 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டவர்களின் குழந்தைகளுக்குப் பள்ளி கால் நூற்றாண்டு தாமதமாக வந்ததில் வியப்பில்லை. சட்டம் நிறைவாக இருந்தும் கை எட்டவில்லை என்பது அந்நாட்டின் தோல்வி.

அமெரிக்காவில் எல்லை ஒரே நகருக்குள் கீறப்பட்டது. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் மெக்சிகோ வம்சாவளியினர் மிகுந்த எட்ஜ்வுட் பள்ளி மாவட்டம், வசதி மிக்க ஆலமோ ஹைட்ஸைவிட உயர்ந்த விகிதத்தில் சொத்துவரி செலுத்தியது. ஆயினும் 1967-68இல் எட்ஜ்வுட்டில் ஒரு மாணவருக்கு 356 டாலர், ஆலமோ ஹைட்ஸில் 594 டாலர். 1973இல் ரோட்ரிகஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில், கல்வி கூட்டாட்சி அரசமைப்பு காக்கும் அடிப்படை உரிமையன்று என்று தீர்ப்பளித்தது. அதிக வரி கொடுப்பவனுக்குக் குறைந்த பள்ளி என்பது உலகின் செல்வ நாட்டின் தோல்வி.

ஒன்றில் மொழி, ஒன்றில் குடியுரிமை, ஒன்றில் சொத்துவரி என்று காரணங்கள் வேறுபடுகின்றன. ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் பொதுப்பள்ளி முறிவது, முடிவெடுப்பவர்களின் பிள்ளைகள் இல்லாத படியில். அந்தப் பொதுத்தன்மையைக் கண்டபின்தான் பின்லாந்தைப் பேச வேண்டும். 1970களில் அந்நாடு இலக்கணப் பள்ளி என்றும் மக்கள் பள்ளி என்றும் பிரிந்து கிடந்த இரு பாதைகளை ஒழித்து, எல்லோருக்கும் ஒரே ஒன்பதாண்டுப் பள்ளியை உருவாக்கியது. அமைச்சரின் குழந்தையும் ஓட்டுநரின் குழந்தையும் ஒரே கட்டடத்துக்குள் வந்தனர். இந்திய மேடைகளில் பின்லாந்தின் வீட்டுப்பாடம் பேசப்படுகிறது. இந்தப் பகுதி மட்டும் பேசப்படுவதில்லை. பேசினால் கேட்போரின் பிள்ளைகள் எங்கே படிக்கின்றனர் என்ற கேள்வி எழும்.

அந்தக் கேள்வி இந்தியாவுக்குப் புதிதுமன்று. கோத்தாரி குழு 1966இலேயே பொதுப்பள்ளி முறையையும் அருகமைப் பள்ளியையும் பரிந்துரைத்தது. 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம், அரசுச் சம்பளம் பெறுவோர் தம் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிக்கே அனுப்ப உத்தரப் பிரதேச அரசு வழிசெய்ய வேண்டும் என்று ஆணையிட்டது. ஆணை ஏட்டில் இருக்கிறது. மகாராஷ்டிரம் எதிர்த்திசையில் நடந்தது. அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால், தனியார் பள்ளிகள் ஏழைக் குழந்தைகளுக்கு 25 விழுக்காடு இடம் தர வேண்டாம் என்று 2024 பிப்ரவரியில் விதியைத் திருத்தியது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் அத்திருத்தத்தை ரத்து செய்தது. ஏழைக்குத் தனிப் பள்ளி, அதுவும் பாதிவரை என்பதே அத்திருத்தத்தின் உட்பொருள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். பெற்றோரே ஆங்கிலவழியைக் கேட்கும்போது தமிழ்வழிக்கு ஏன் அழ வேண்டும்? ஆங்கிலத்தை விரும்பும் தாராவிப் பெற்றோரைக் குறைகூற எவருக்கும் தகுதியில்லை. தம் பிள்ளைகளை ஆங்கிலத்தில் படிக்க வைத்துவிட்டுத் தாய்மொழியின் மேன்மையைப் பேசும் தமிழ்ச் சங்கத்தாருக்கு அறவே இல்லை. ஆங்கிலம் சாதித் தளையை அறுக்கும் கருவி என்று ஒடுக்கப்பட்டோர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் பாதியில் முடியும் சாலையில் வண்டிகள் குறைவதைக் காட்டி, மக்களுக்குச் சாலையே வேண்டாம் என்று முடிவுகட்டுவது நேர்மையன்று. எட்டாம் வகுப்போடு முடியும் பள்ளியில் எந்தப் பெற்றோர் மனமுவந்து சேர்ப்பர்? சேர்க்கை குறைவதைக் காரணம் காட்டி வகுப்பை மூடுவதும், வகுப்பு மூடப்படுவதால் சேர்க்கை குறைவதும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. தொடங்கியது எது என்பதை மறைத்துவிட்டுப் பெற்றோரின் விருப்பம் என்று பெயரிடுகிறார்கள். எந்த மொழியில் தொடங்கினாலும் பாதை பத்தாம் வகுப்பு வரையும் அதற்கு அப்பாலும் போக வேண்டும். மொழி மாற வேண்டுமெனில் மாற்றத்துக்கான பாலத்தை அரசு கட்ட வேண்டும்.

இப்போது அவசரம் கூடியிருக்கிறது. தாராவி மறுசீரமைப்பில் தகுதியற்றோர் என வகைப்படுத்தப்படும் குடும்பங்களை நகரின் வேறு பகுதிகளுக்கு அனுப்பத் திட்டம் இருக்கிறது. முலுண்டின் உப்பள நிலமும் தேவனார் குப்பைமேடும் அதில் அடிபடும் பெயர்கள். மலேசியத் தோட்டங்களில் நிகழ்ந்தது இங்கும் நிகழும். ஒரு மொழிவழிப் பள்ளி அம்மொழி பேசுவோர் சேர்ந்து வாழும் தெருக்களை நம்பி நிற்கிறது. தெருக்கள் சிதறினால் பள்ளியை யாரும் மூட வேண்டியதில்லை; தானே மூடிக்கொள்ளும். வீட்டுக்குச் சதுர அடி பேசப்படும் அளவுக்கு, இடம்பெயரும் குழந்தையின் வகுப்பும் பயிற்றுமொழியும் பேசப்படவில்லை.

ஆய்வுலகுக்கும் இதில் பங்குண்டு. டாட்டா சமூக அறிவியல் கழகமும் பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் கழகமும் செம்பூரை ஒட்டிய தேவனாரில், எம் கிழக்கு வார்டில் உள்ளன. 2009ஆம் ஆண்டின் மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில் கடைசி இடம் பெற்ற வார்டு அதுவே. அறிவு அருகிலிருப்பதால் மட்டும் எதுவும் வடிவதில்லை என்ற புலேயின் வாதத்துக்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

கேட்க வேண்டியவை தெளிவானவை. மாநகராட்சி, ஒவ்வொரு பயிற்றுமொழியிலும் எட்டாம் வகுப்பு முடித்தவர்கள் பத்தாம் வகுப்பில் எங்கே இருக்கின்றனர் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஒவ்வொரு தமிழ்ப் பள்ளிக்கும் நடந்து செல்லும் தொலைவில் ஓர் உயர்நிலைப் பள்ளியும், மொழி மாறுவோருக்கு ஓராண்டு ஆயத்த வகுப்பும் உறுதிசெய்யப்பட வேண்டும். மறுசீரமைப்புத் திட்டம் வீடுகளோடு பள்ளிகளையும் எண்ண வேண்டும். இவற்றில் எதற்கும் பின்லாந்திலிருந்து நிபுணர் வர வேண்டியதில்லை. மாணவர் பதிவேடுகள் மாநகராட்சியிடமே இருக்கின்றன. 1927இல் அம்பேத்கர் செய்ததுபோல அவற்றைக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் வேலை ஆய்வாளர்களுடையது. அதைச் செய்யாமல் நாடுகளை வரிசைப்படுத்திக்கொண்டிருப்பவர்கள், "இடைநிற்றல்" என்று எழுதும் எழுத்தரின் வேலையைத்தான் இன்னும் நயமான மொழியில் செய்துகொண்டிருக்கிறார்கள்.