கடைசி இருபதடி!

தோழா,

ஒரு காட்சி சொல்கிறேன், கேள். நாடகம் எழுதுபவனாயிற்றே, கற்பனையைக் கலக்கிறான் என்று எண்ணிவிடாதே. கண்ணால் கண்ட காட்சி இது. கண்டு, வெட்கித் தலைகுனிந்த காட்சி.

2020ஆம் ஆண்டு, மே மாதம். பெரம்பலூர்ச் சீமையில் எங்கள் சிற்றூர். தரிசாய்க் கிடக்கும் வயலின் நடுவே ஒரு பம்புசெட்டுக் கொட்டகை. அதற்குள்ளே ஓர் இளைஞன். வரப்பின் மீது தூக்குவாளியை வைக்கிறாள் அவனைப் பெற்றவள். வைத்துவிட்டுத் திரும்பி நடக்கிறாள். பத்தடி, பதினைந்தடி, இருபதடி! நிற்கிறாள். மகன் வெளியே வந்து, வாளியைத் திறந்து, கஞ்சியைக் குடித்து முடிக்கும்வரை கொளுத்தும் வெயிலில் நிற்கிறாள். 'இன்னும் கொஞ்சம் கொண்டாரவா?' என்று கேட்கிறாள். அவன் தலையசைக்கிறான், அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போகிறாள்.

அவன் செய்த குற்றமென்ன? கோயம்பேட்டில் மூட்டை சுமந்தான்! தலைநகரத்து மக்களின் சமையலறைக்குக் காயும் கனியும் போய்ச் சேரத் தன் முதுகைக் கொடுத்தான். ஊரடங்கிலே உலகமே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோதும், அவன் சுமை மட்டும் இறங்கவில்லை. அந்தச் சந்தையிலே நோய் பரவிற்று; மே 5ஆம் நாள் சந்தை மூடப்பட்டது. பிழைக்கப் போனவர்கள் லாரியேறி ஊர் திரும்பினார்கள் — அரியலூருக்கு, பெரம்பலூருக்கு, கடலூருக்கு, விழுப்புரத்துக்கு. அந்த முதல் வாரத்திலே அரியலூர் மாவட்டத்தில் ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியாயிற்று. உடனே என்ன செய்தோம் நாம்? மூட்டை சுமந்தவனை, நோய் சுமந்தவன் என்றோம்! ஊர் எல்லையில் கருவேலமுள்ளை வெட்டிப் போட்டோம்!

'போட்டோம்' என்று எழுதுகிறேன். 'போட்டார்கள்' என்று எழுத என் பேனா மறுக்கிறது. மேடையேறினால் மணிக்கணக்கில் முழங்குபவன் நான். கல்லூரியைப் பாதியில் விட்டு வந்தவனுக்கு இந்த மேடைதான் கல்லூரி; மனிதநேயம்தான் அங்கே நான் படித்த முதற்பாடம். ஆனால் அன்று, அந்த முள்ளருகே நின்றபோது, 'இவன் நம் வீட்டுப் பிள்ளையல்லவா! பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடுங்கள், பதினான்கு நாள் அங்கே இருக்கட்டும், சோறு நாம் கொடுப்போம்' என்ற நான்கு வாக்கியம் என் நாவில் எழவில்லை. ஊர் நோய்க்கு அஞ்சிற்று. நான் ஊருக்கு அஞ்சினேன்!

அஞ்சியது தவறா என்று கேட்பாய். நோய்க்கு அஞ்சுவது தவறல்ல, தோழா; அது அறிவு. நோயாளிக்கு அஞ்சுவதுதான் தவறு, அது அறியாமை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போனதற்கு ஒரு சொல்லும் காரணம். 'சமூக விலகல்' என்று சுவரெல்லாம் எழுதினார்கள். 'உடல் இடைவெளி' என்பதே பொருத்தமான சொல் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சு மாதத்திலேயே கூறிற்று. ஆனால் நமக்கோ, சமூக விலகல் புதிய பாடமா? ஊர் வேறு, சேரி வேறு. கிணறு வேறு, சுடுகாடு வேறு என்று தலைமுறை தலைமுறையாக விலகி நின்று பழகிய நாடல்லவா இது! பழைய நோய்க்குப் புதிய பெயர் சூட்டினார்கள். பட்டவன் மீண்டும் ஏழையே.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகும் வழக்கத்தை நீ அறிவாய். ஆத்தாள் வந்திருக்கிறாள் என்ற நம்பிக்கை அதன் காரணம். அந்த நம்பிக்கையோடு எனக்கு வழக்குண்டு. ஆனால் அந்த வேப்பிலை ஒரு சேதியும் சொல்லிற்று: 'உள்ளே வராதே, ஆனால் இளநீரை வாசலில் வைத்துவிட்டுப் போ!' 2020இலோ சென்னையில் சில வாசல்களில் தகரம் அடித்தார்கள். வேப்பிலை விலகி நிற்கச் சொல்லிற்று. தகரமோ விட்டுவிடச் சொல்லிற்று.

அடுத்த ஆண்டு என் முறை வந்தது. 2021 மே மாதத்து இரண்டாம் அலையில் நானும் படுத்தேன். தனியறையிலே இரு, தனிக் கழிப்பறையைப் பயன்படுத்து என்பது மருத்துவர் சொன்ன விதி. எத்தனை வீட்டிலே இருக்கிறது தனியறை? ஓரறையில் ஐவர் உறங்கும் வீட்டுக்காரன் எங்கே போவான்? நான் மாட்டுக் கொட்டிலை ஒழித்துப் படுத்தேன். காலையில் திண்ணையிலே இட்லி இருக்கும். மாலையில் கஷாயம் இருக்கும். வைத்தவர் முகம் தெரியாது, குரல் மட்டும் தெருவிலிருந்து வரும்: 'மூச்சு வாங்குதா தம்பி? நம்பர் எவ்வளவு காட்டுது?' விரலிலே மாட்டிப் பார்க்கும் சிறு கருவி தெருவுக்கே ஒன்றுதான். துடைத்துத் துடைத்து வீடுவீடாகப் போயிற்று. கஷாயம் தொண்டைக்கு இதம் தந்தது. ஆனால் என்னைக் காத்தது, 94க்குக் கீழே இறங்கினால் ஆம்புலன்சுக்குச் சொல்லத் தயாராய் இருந்த அந்தக் குரல்தான்!

'அரசாங்கம் செய்யவேண்டியதை அண்டை வீட்டான் தலையில் கட்டுகிறாயா?' என்று நீ சீறலாம். சீற வேண்டும். மருத்துவமனையும் உயிர்க்காற்றும் மருந்தும் அரசின் கடமை. அவற்றைக் கேட்டுப் போராடுவது நம் கடமை. அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 சனவரியில். பேரலைகள் இரண்டும் அடித்து ஓய்ந்த பிறகு! அரிசி அட்டைக்கு 2020இல் 1,000 ரூபாயும், 2021இல் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும், 14 வகை மளிகைப் பொருளும் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் அவை வந்து நின்ற இடம் எது? நியாயவிலைக் கடையின் வாசல்! பூட்டிய வீட்டுக்குள் காய்ச்சலோடு கிடந்த கிழவிக்கு அந்தப் பையைச் சுமந்து சென்றது யார்? ஆணையும் நிதியும் கோட்டையிலிருந்து கடைவரை வரும். கடைசி இருபதடியை மனிதன்தான் நடக்க வேண்டும்!

1918இல் இன்ஃபுளுவென்சா இந்த நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை விழுங்கிற்று. நூறாண்டு கழித்துக் கொரோனா தமிழகத்தில் அரசுக் கணக்குப்படியே 38,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. 2023 மே 5ஆம் நாள் உலக அவசரநிலை முடிந்தது என்றார்கள். முடிந்தது அவசரநிலை, நோய்களின் வரலாறு முடியவில்லை.

ஆகையால், தோழா, செந்துறையில் இருந்தாலும், வேப்பந்தட்டையில் இருந்தாலும், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. உன் தெருவைக் கணக்கெடு. தனியே வாழும் முதியவர் யார்? சர்க்கரைக்கும் காசத்துக்கும் மாதந்தோறும் மாத்திரை வாங்குபவர் யார்? கருவுற்றவள் யார்? வெளியூரில் பிழைப்பவன் யார், அவன் திரும்பினால் தங்க இடமுண்டா? ஊரடங்கின்போது, தவணைக்கு அவகாசம் உண்டென்று ரிசர்வ் வங்கி சொன்ன பிறகும், குழுக்கடன் கேட்டு வாசலில் வந்து நின்றவர்களுக்கு அஞ்சிய பெண்கள் எந்த வீட்டில்? எழுது. படிப்பகத்திலே செய்தித்தாளுக்குப் பக்கத்தில் அந்தக் கருவி ஒன்றை வாங்கி வை. 104, 108 என்ற இரண்டு எண்களையும் சுவரிலே எழுது. கொடிக்கம்பம் நட்ட கை நமது; அந்தக் கைக்கு இது பெரிய வேலையல்ல.

அந்த இளைஞன் மீண்டும் கோயம்பேட்டுக்குப் போய்விட்டான். பொங்கலுக்கு வந்தால் என்னைக் கண்டு சிரிக்கிறான். அந்த முள்ளைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் பேசாமலிருப்பது எனக்குச் சுடுகிறது.

எங்கள் ஊர் நோட்டிலே முதல் பெயராக அவன் பெயரை எழுதியிருக்கிறேன். அடுத்த முறை அவன் திரும்பி வரும்போது எல்லையிலே முள் இருக்காது. பள்ளிக்கூடத்துச் சாவியோடு நான் நிற்பேன், இருபதடி தள்ளி.

உன் ஊர் எல்லையில் நிற்கப்போவது யார், தோழா?